மூன்றரை மணிக்கு எடுத்த படம்

மெஷினில் புதிதாக உட்காரப்போகும் பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். நல்ல வார்த்தைக்கு வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். முப்பத்தொரு வருஷம் குன்னூரில் கண் ஆஸ்பத்திரி வேலை பார்த்தவள் நான். அதில் கடைசி ஒன்பது வருஷம் கண் ஸ்கேன் எடுக்கும் அறையில். தாடையை எங்கே வைக்கச் சொல்வது, லென்ஸை எதை வைத்துத் துடைப்பது என்பதெல்லாம் கம்பெனிக்காரன் கொடுத்த புத்தகத்தில் இருக்கிறது, எடுத்துப் படித்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது நான் செய்த ஒரு தப்பை. படிக்க அலுப்பாக இருந்தாலும் படியுங்கள், ஏனென்றால் அதே நாற்காலியில்தான் நீங்களும் உட்காரப்போகிறீர்கள்.

பாக்கியம் என்று ஒரு அம்மா. கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். சின்னப் பிள்ளையாக இருந்தபோது இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம். மற்ற எல்லோரும் என்னை சிஸ்டர் என்பார்கள், நான் நர்ஸ் இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது. இவர் மட்டும் மிஸ்ஸி என்பார். நர்ஸை இலங்கையில் அப்படித்தான் கூப்பிடுவார்களாம், அவருடைய அம்மா காலத்துப் பேச்சு. எனக்கு அப்படிக் கூப்பிடுவது பிடிக்கும் என்று தெரிந்துகொண்டு, வேண்டுமென்றே வாசலில் இருந்தே கூப்பிட்டுக்கொண்டு வருவார்.

அவருக்கு இடது கண் எப்போதோ போய்விட்டது. கவாத்து வெட்டின செடியின் குச்சி குத்தி, நாட்டு மருந்து விட்டு, அப்படியே போனது. இருந்தது வலது கண் ஒன்றுதான். அதிலும் புரை ஆபரேஷனுக்குப் பிறகு கருவிழியில் நீர் தேங்கி, வெளுத்துவிட்டது. கோயம்புத்தூரில் மாற்று அறுவை சிகிச்சை செய்தார்கள். கருவிழி முழுவதையும் மாற்றவில்லை. உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலத்தை மட்டும் எடுத்துவிட்டு, கண் தானம் செய்த யாரோ ஒருவருடைய படலத்தை வைத்தார்கள். தண்ணீர் தேங்காமல் வெளியே இறைத்துக்கொண்டே இருப்பது அந்தப் படலத்தின் வேலை.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. பாக்கியம் திரும்ப மலை ஏறி வந்தார். அவருடைய புருஷன் இல்லை. ஒரே மகள், திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, கல்யாணமாகி அங்கேயே இருக்கிறாள். எஸ்டேட்டில் பேர் இருக்கும் வரைக்கும்தான் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், ஒரு வீடு. ஓய்வு பெற இன்னும் நாலு வருஷம் இருந்தது. அந்த நாலு வருஷத்தையும் பறித்து முடித்துவிட்டு, தன் காலில் லயத்தை விட்டு இறங்க வேண்டும் என்பது அவருக்கு ஒரு பிடிவாதம்.

"மருமகன் வூட்டுல மூலைல ஒக்காந்து சாப்புடவா மிஸ்ஸி எனக்குக் கண்ணு வச்சாங்க?" என்று ஒருதடவை கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் அது விளையாட்டுப் பேச்சு இல்லை என்று எனக்குத் தெரியும்.

இனி என் கெட்டிக்காரத்தனங்கள் இரண்டைச் சொல்கிறேன். இரண்டுக்கும் எனக்குப் பாராட்டு கிடைத்திருக்கிறது.

முதலாவது, எஸ்டேட் ஆட்களுக்கென்று மத்தியான நேரத்தை ஒதுக்கினது. காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்தால் அவர்களுக்கு அன்றைக்குப் பேர் விழாது, கூலி போய்விடும். அதனால் சோதனைக்கே வராமல் விட்டுவிடுவார்கள். நான்தான் டாக்டரிடமும் எஸ்டேட் ஆபீசிலும் பேசி, கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு ஜீப்பில் அவர்களைக் கூட்டிவர ஏற்பாடு செய்தேன். மூன்று மணிக்கு மேல் என் அறை முழுக்க எஸ்டேட் ஆட்கள்தான். யாரும் சோதனைக்கு வராமல் இருப்பதில்லை. அதில் எனக்கு ஒரே பெருமை.

இரண்டாவது, படத்தை வெட்டி அனுப்புவது. நம் ஆஸ்பத்திரிக்குக் கருவிழி டாக்டர் மாதத்துக்கு ஒருதடவைதான் கோயம்புத்தூரிலிருந்து மேலே வருவார். இடையில் எடுக்கும் ஸ்கேனை போனில் அவருக்கு அனுப்பிவிடுவேன். என்னை விட இருபது வயசு சின்னவர், ரொம்பப் பொறுப்பான பெண். படத்தைச் சுற்றி மெஷின் அடிக்கிற எழுத்தெல்லாம் போனில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். எதற்கு அந்தக் குப்பை என்று நாலு ஓரத்தையும் வெட்டிவிட்டு, கருவிழி மட்டும் பெரிதாகத் தெரிகிற மாதிரி அனுப்புவேன். கருவிழியின் தடிமன் எவ்வளவு என்பதைக் கீழே தட்டச்சு செய்துவிடுவேன். "ஜமீலாம்மா அனுப்புற படம்தான் பளிச்சுன்னு இருக்கு" என்று டாக்டரே சொல்லியிருக்கிறார்.

நான் வெட்டிப் போட்ட அந்த ஓரத்தில்தான் படம் எடுத்த நேரம் இருந்தது.

ஆபரேஷன் முடிந்து மூன்றாம் மாதம் பாக்கியம் முதல் பஸ்ஸில் வந்தார். அப்போது லீவில் இருந்தார், அதனால் காலையிலேயே வர முடிந்தது. ஒன்பது மணிக்குப் படம் எடுத்தேன். படலம் நன்றாக ஒட்டியிருந்தது. தடிமனும் சரியாக இருந்தது. டாக்டர் சந்தோஷப்பட்டார். பாக்கியம் வேலைக்குத் திரும்பினார். ஆறாம் மாதம், ஒரு ஐப்பசி மழை நாளில், எஸ்டேட் ஜீப்பில் மத்தியானம் வந்தார்.

அன்றைக்கு டாக்டர் மேலே வர வேண்டிய நாள். மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து பாதியிலேயே திரும்பிப் போய்விட்டார். வந்திருந்தவர்கள் பன்னிரண்டு பேர், நான் ஒருத்தி. கரண்ட் வேறு போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. ஜீப் டிரைவர் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவை கதவைத் தட்டினார்.

"ஏனுங்க சிஸ்டர், இன்னும் எத்தன பேருங்க? கட்டபெட்டுப் பக்கம் மரம் உழுந்து கெடக்குதாம். இருட்டறதுக்குள்ள ஊடு போய்ச் சேரோணுமுங்க."

"மெஷின் என்ன பஸ்ஸாங்க, நீங்க ஹாரன் அடிச்சா வேகமாப் போறதுக்கு?" என்று கத்தினேன். ஆனாலும் வேகமாகத்தான் போனேன். பாக்கியம் தாடையை வைத்தார். படம் எடுத்துவிட்டு, வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டேன்.

"கண்ணு எப்படிங்க இருக்குது? ஏதாச்சும் தொந்தரவு இருக்குதுங்களா?"

"நல்லாத்தான் இருக்கு மிஸ்ஸி." கொஞ்சம் நிறுத்தினார். பிறகு குரலை இறக்கிக்கொண்டு சொன்னார். "விடியக்காலம் எந்திரிச்சா மட்டும் பொகையாட்டம் இருக்கு. பத்து மணிக்கு மேல தெளிஞ்சிரும். இப்பப் பாருங்க, ஒங்க மூக்குத்தி நல்லா தெரியுது."

அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இந்த ஊர்ல விடியக்காலம் யாருக்குங்க தெளிவாத் தெரியுது? எனக்கும் பொகையாத்தான் இருக்குது" என்றேன். அறையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பாக்கியமும் சிரித்தார். நான் பதிவேட்டில் தொந்தரவு என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? யா அல்லா, அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் எனக்குத் திருப்பித் தர முடியுமானால் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

உங்களுக்குப் படிப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள், எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். தூங்கும்போது இமை மூடியிருப்பதால் கருவிழியில் தண்ணீர் கொஞ்சம் ஏறும். விடிந்து கண்ணைத் திறந்து காற்றுப்படப் படத் தண்ணீர் வடியும். உள்ளே இருக்கும் படலம் பலமாக இருந்தால் எழுந்த கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். படலம் சோர ஆரம்பித்தால் வடிவதற்கு நேரம் பிடிக்கும். காலையில் மங்கல், மத்தியானம் தெளிவு என்று நோயாளி சொன்னால் அது உள்ளே இருக்கும் படலம் தள்ளாடுகிறது என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. மழையும் டிரைவரும் பன்னிரண்டு பேரும் சேர்ந்து தெரிந்ததை மறக்கடித்தார்கள் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது பொய். நான் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

படத்தை வெட்டி அனுப்பினேன். தடிமன் மூன்றாம் மாதத்தை விடச் சில மைக்ரான்தான் கூட இருந்தது. டாக்டர் போனில் கூப்பிட்டார்.

"ஜமீலாம்மா, கொஞ்சம் ஏறியிருக்கே?"

"மெஷின்ல அந்த அளவுக்கு முன்னப் பின்ன வருமுங்க மேடம்."

"அவங்க ஏதாவது சொன்னாங்களா? மங்கல், கூச்சம், அந்த மாதிரி?"

"ஒண்ணும் இல்லைங்க. என் மூக்குத்தி தெரியுதுன்னு சொன்னாங்க."

டாக்டர் சிரித்தார். "சரி, அப்ப ஸ்டீராய்டு சொட்டு மருந்தைக் குறைச்சுடலாம். இனிமே ஒருவேளை போதும்னு சொல்லிடுங்க" என்றார். உடம்பு அந்தப் படலத்தை அந்நியம் என்று விரட்டாமல் பிடித்து வைத்திருந்ததே அந்த மருந்துதான். நான் ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்த பாக்கியத்தைக் கூப்பிட்டு, இனிமேல் ஒருவேளை விட்டால் போதும் என்று சொன்னேன். அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆஸ்பத்திரி திறக்கும்போதே வந்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். வாசலில் இருந்து மிஸ்ஸி என்று கூப்பிடவில்லை. கண் சிவந்து, கருவிழி கஞ்சித் தண்ணீர் மாதிரி வெளுத்திருந்தது.

"வெளக்கு எரியிறது தெரியுது. ஆள் தெரியல" என்றார்.

படம் எடுத்தேன். கருவிழி வீங்கிக் கிடந்தது. படலத்தின் பின்னால் வெள்ளணுக்கள் புள்ளி புள்ளியாக ஒட்டியிருந்தன. உடம்பு அதை விரட்ட ஆரம்பித்து நாளாகிவிட்டது என்று என் அளவுக்குப் படித்தவளுக்கே தெரிந்தது. பழைய படங்களோடு ஒப்பிடுவதற்காக மெஷினில் மூன்றையும் வரிசையாகத் திறந்தேன். மெஷினில் வெட்டாத படம்தானே இருக்கும். ஓரத்தில் நேரம் இருந்தது. முதல் படம் காலை ஒன்பது பத்து. இரண்டாவது படம் மத்தியானம் மூன்று முப்பத்திரண்டு.

காலையில் எடுத்த அளவை விட மத்தியானம் எடுத்த அளவு குறைந்திருக்க வேண்டும். வடிந்த பிறகும் அது கூடியிருந்தது என்றால், அன்றைக்கு விடியற்காலையில் எவ்வளவு இருந்திருக்கும்? அதைத்தான் அவர் தன் வாயால் சொன்னார்.

டாக்டருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். நேரம் இருந்த ஓரத்தை நான்தான் வெட்டினேன், பாக்கியம் சொன்ன மங்கலை நான்தான் எழுதவில்லை என்று சொன்னேன்.

"நேரம் தெரிஞ்சிருந்தா மருந்தைக் குறைச்சிருக்க மாட்டேன். கூட்டியிருப்பேன்" என்றார். திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. "நானும் எத்தனை மணிக்கு எடுத்ததுன்னு கேட்டிருக்கணும். முதல்ல அவங்களை இன்னைக்கே கீழே அனுப்புங்க. மீதியைப் பிறகு பேசலாம்."

கோயம்புத்தூரில் அவர்களால் ஆனதெல்லாம் செய்தார்கள். மணிக்கு ஒருதடவை சொட்டு மருந்து, ஊசி, எல்லாம். படலம் பிழைக்கவில்லை. பல மாதம் காத்திருந்து இன்னொரு படலம் வைத்தார்கள். அது ஒட்டிக்கொண்டது. ஆனால் இடைப்பட்ட நாட்களில் கருவிழியில் தழும்பு விழுந்துவிட்டது, கண்ணின் அழுத்தமும் ஏறியிருந்தது. வீட்டுக்குள் நடமாடலாம், சமைக்கலாம். கொழுந்து எது, முற்றின இலை எது என்று பார்க்க முடியாது. எஸ்டேட்டில் கொஞ்ச நாள் நாற்றங்காலில் வேலை கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு மருத்துவக் காரணம் காட்டிப் பேரை எடுத்துவிட்டார்கள்.

டாக்டர் தன் கோப்பில் நடந்ததை நடந்தபடி எழுதினார், என்னையும் எழுதச் சொன்னார். எழுதினேன். அன்றையிலிருந்து எல்லாப் படத்தையும் வெட்டாமல் அனுப்பினேன். கருவிழி மாற்றினவர்களுக்கு எப்போதும் ஒரே நேரத்தில், முடிந்தால் காலையில் ஸ்கேன் என்று மாற்றினோம். எஸ்டேட் ஆபீசில் போய் உட்கார்ந்து, அந்த ஒரு நாளைக்குப் பேர் வெட்டக் கூடாது என்று எழுதி வாங்கினேன். இதை முதலிலேயே வாங்கியிருக்கலாம், யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். நோயாளி சொல்வதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுவது என்றும் வைத்தோம். உங்கள் பதிவேட்டில் இப்போது அந்தக் கட்டம் பெரிதாக இருப்பது அதனால்தான். அதைச் சின்னதாக்கச் சொல்லி யாராவது வந்தால் என் வீட்டுக்கு அனுப்புங்கள்.

இவ்வளவும் செய்த நான், பாக்கியத்திடம் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சிலர் சொன்னார்கள், சொல்லி என்ன ஆகப்போகிறது, போன கண்ணா திரும்பி வரப்போகிறது, வீண் வம்பு என்று. எனக்கும் அது வசதியாக இருந்தது. சோதனைக்கு வரும்போதெல்லாம் டீ வாங்கிக் கொடுப்பேன், பஸ் ஏற்றிவிடுவேன், வாய் நிறையப் பேசுவேன். அதை மட்டும் பேச மாட்டேன். இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டினேன். வீட்டைக் காலி செய்யப்போகிறார், மகளிடம் போகிறார் என்று கேள்விப்பட்டதும்தான் எனக்குத் தூக்கம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரி பஸ் பிடித்து லயத்துக்குப் போனேன்.

பாத்திரத்தையெல்லாம் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டு, "ஆத்தாடி, மிஸ்ஸியா? இந்தக் குளிருல எதுக்கு வந்தீங்க?" என்று ஒரு பெட்டியை நகர்த்தி உட்கார வைத்தார். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். நான் ஆரம்பிப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"எல்லாம் நான் பண்ணுன கூத்து மிஸ்ஸி. அன்னைக்கு ஒங்ககிட்ட ஒழுங்கா சொல்லியிருக்கணும். காலைல கண்ணு தெரியலைன்னு சொன்னா வேலைக்கு ஆகாதுன்னு எழுதிப்புடுவீங்களோன்னு பயம். மென்னு முழுங்கிட்டேன். மக வையிறா. ஒரு வருஷமா அதே பேச்சுதான். வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கண்ணு பொழச்சிருக்கும்ல, இப்ப எல்லாருக்கும் பாரம்தானேன்னு கேக்குறா. அவ கேக்குறதும் ஞாயந்தானே."

நான் வாயை மூடிக்கொண்டிருந்த அத்தனை நாளும், என் தப்புக்கு இந்த அம்மா பெற்ற பிள்ளையிடம் ஏச்சு வாங்கியிருக்கிறார்.

"நீங்க சொன்னீங்க பாக்கியம்" என்றேன். "விடியக்காலம் பொகையா இருக்கு, பத்து மணிக்கு மேல தெளியுதுன்னு, அப்படியே சொன்னீங்க. என் காதுல உழுந்துது. நான்தான் கேலி பேசிட்டு எழுதாம உட்டுட்டேன். டாக்டர் கேட்டப்பவும் ஒண்ணும் இல்லைன்னு சொன்னேன். அதனாலதான் மருந்தைக் குறைச்சாங்க. தப்பு என்னோடது. ஒங்களோடது இல்லைங்க."

சாக்குக் கயிறு அவர் கையில் அப்படியே இருந்தது. கோபப்படுவார் என்று நினைத்தேன், படட்டும் என்று இருந்தேன்.

"நான் சொன்னேனா?" என்று கேட்டார்.

"சொன்னீங்க."

"நெசமா சொன்னேனா மிஸ்ஸி?"

"நெசமா சொன்னீங்க."

முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கண் போனபோதுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தடவித் தடவிப் போனை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"என் மககிட்ட சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டா."

நம்பரைத் தேடிக் கூப்பிட்டேன். நான் யார் என்று சொல்லி, நடந்ததை முதலில் இருந்து சொன்னேன். ஒன்றையும் குறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருந்திருக்கிறது, அந்தப் பக்கம் தையல் மெஷின் சத்தம் கேட்டது, பிறகு அவள் எழுந்து வெளியே வந்திருப்பாள் போல, சத்தம் நின்றது. என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

"அம்மாகிட்ட குடுங்க" என்றாள்.

கொடுத்தேன். அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. பாக்கியம் போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, "சரி விடு புள்ள. தெரியாமத்தானே வஞ்ச. அழுவாத, நான் ஒண்ணும் நெனச்சுக்கல" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டேன். என்னிடம் அவர் பரவாயில்லை என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.